மௌன குருவும் ஓயாத நாவும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் அடிவாரத்தில், துணிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் வீதிகளின் இரைச்சலுக்கு நடுவே, மௌன மடம் என்னும் பெயர் தாங்கிய மடம் ஒன்று உள்ளது. தருமபுரம் ஆதீனத்தைச் சார்ந்த அம்மடத்தின் பெயரோடு தமிழுலகம் சேர்த்தே நினைப்பது ஒரு கணக்கரின் பெயரை. நாயக்க மன்னனின் கருவூலக் கணக்கை எழுதிய அவர், பேசாத குருவைத் தேடி அடைந்தார். சும்மா இருக்கும்படி உபதேசம் பெற்றார். பெற்ற பிறகு 56 தலைப்புகளில் 1452 பாடல்களைப் பாடினார். தாயுமானவர் என்னும் பெயரைக் கேட்டவுடன் அந்தப் பாடல்களின் இனிமையே முதலில் நினைவுக்கு வருகிறது. சும்மா இருக்கச் சொல்லப்பட்டவர் இத்தனை பேசியது ஏன் என்னும் கேள்வி பின்னால்தான் எழுகிறது. பலருக்கு எழுவதே இல்லை.

எழுப்பியவர்களும் எளிதான விடையோடு நின்றுவிடுகிறார்கள். அருள் பெருகினால் வாய் தானே திறக்கும் என்பது அந்த விடை. அடியார் மரபில் அதற்கு இடமுண்டு, அதை மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் தாயுமானவர் தம்மைப் பற்றித் தாமே தரும் வாக்குமூலம் அவ்வளவு இனிமையானதாக இல்லை. நிறைவு கண்டு பாடுகிறேன் என்று அவர் கூறும் இடங்களைவிட, அடங்கத் தெரியாமல் பிதற்றுகிறேன் என்று நொந்துகொள்ளும் இடங்களே மிகுதி. வாயை மூடினால் மனம் பேசுகிறது. மனத்தை மூட வழி தெரியவில்லை. ஆகவே மீண்டும் வாய் திறக்கிறது. இந்தச் சுழலை அறிந்தே அதனுள் நின்றவர் அவர். அவருடைய வாழ்க்கையை அந்தக் கோணத்தில் பார்க்கும்போது, வழக்கமான வரலாற்றுச் சுருக்கங்களில் தென்படாத மனிதர் ஒருவர் தென்படுகிறார்.

18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி அவர் காலம். தந்தையார் கேடிலியப்ப பிள்ளை, தாயார் கெசவல்லி அம்மையார். பூர்வீகம் திருமறைக்காடு எனப்படும் வேதாரணியம். அங்கே கோயில் நிருவாகத்தைச் செம்மையாக நடத்திவந்த கேடிலியப்பரின் திறமையைக் கண்டு நாயக்க மன்னன் திருச்சிக்கு அழைத்துவந்து அரண்மனைக் கணக்கை ஒப்படைத்தான் என்பர். மூத்த மகன் சிவசிதம்பரத்தைத் தம் தமையனார்க்குத் தத்தம் செய்துவிட்ட கேடிலியப்பர், மலைக்கோட்டை இறைவனை வேண்டிப் பெற்ற இரண்டாம் மகனுக்கு அந்த இறைவன் பெயரையே சூட்டினார்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருப்பதைத் திருச்சிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பேறுகாலத்தில் தனித்திருந்த மகளிடம் வந்துசேர முடியாமல், காவிரி வெள்ளம் தாயை அக்கரையில் நிறுத்திவிட்டது. கலங்கிக்கிடந்த பெண்ணுக்குச் சிவபெருமானே தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்தபோது மறைந்தார். அச்சத்தில் தவித்த ஓர் உயிரின் அருகில் வந்து உட்கார்ந்த தெய்வம் அது. பிற்காலத்தில் அந்தப் பெயரைத் தாங்கியவர் தம் பாடல்களில் இறைவனைத் தாயாக விளித்து, பிள்ளையின் தவிப்பைத் தாய் அறியாளோ என்று திரும்பத் திரும்ப முறையிட்டதைப் படிக்கும்போது, பெயர் வைத்தவர் தந்தையாயினும் அதற்குப் பொருள் தேடியவர் மகனே என்று தோன்றுகிறது.

தந்தைக்குப் பின் அரண்மனைக் கணக்கு, சம்பிரதி என்னும் பதவி, மகனிடம் வந்தது. மன்னன் விசயரங்க சொக்கநாதன். பாட்டியார் இராணி மங்கம்மாளின் பாதுகாப்பில் வளர்ந்து, 1706 முதல் 1732 வரை ஆண்டவன். ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குச் சென்றவர்கள் அவனைப் பார்த்திருப்பார்கள்: அவனும் அவன் குடும்பத்தாரும் அரங்கனை நோக்கிக் கைகூப்பி நிற்கும் ஆளுயரத் தந்தச் சிலைகள் அங்கே உள்ளன. தெலுங்கில் ஸ்ரீரங்க மகாத்மியத்தை உரைநடையாக எழுதியவன். போருக்கும் நிருவாகத்துக்கும் அவனுடைய கவனம் குறைவு. கோயில்தோறும் யாத்திரை சென்று வாரி வழங்குவதில் அளவு கிடையாது. பக்தியில் சிறந்த அரசன் என்று கோயிலொழுகு எழுதுவோர் மகிழலாம். ஆனால் வழங்கியதையெல்லாம் ஏட்டில் பற்று வைக்கவேண்டிய கணக்கரின் இரவுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. வரவு சுருங்கும், செலவு விரியும், கேள்வி கேட்கக்கூடாதவன் கையில் சாவி இருக்கும். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் ஆசைக்கு ஓர் அளவில்லை என்னும் கருத்தைத் தமிழில் மறக்கமுடியாதபடி பாடியவர். கடல்மீது ஆணை செலுத்த விரும்புவோரையும், பொன்மலை கிடைத்தும் இரசவாதத்துக்கு அலைவோரையும் பற்றி அவர் பாடும்போது, ஏட்டுப் படிப்பில் கண்ட உலகியல் அன்று அது. கணக்கு மேசைக்கு எதிரே கண்டது.

திருச்சியின் மற்றொரு தன்மையையும் இங்கே நினைக்கவேண்டும். அக்காலத் திருச்சி ஓயாது வாதம் செய்த ஊர். அரண்மனை மொழி தெலுங்கு. பண்டிதர் மொழி வடமொழி. மக்கள் மொழி தமிழ். காவிரிக்கு வடக்கே ஸ்ரீரங்கத்தில் வைணவ ஆசாரியர்களின் உரைமரபு. அதே தீவின் கிழக்குப் பகுதியில் திருவானைக்காவின் சைவம். கோட்டைக்குள் சித்தாந்திகளும் வேதாந்திகளும். நகரில் நத்ஹர் வலியின் தர்கா. சுற்றுப்புறங்களில் கிறித்தவப் பாதிரிமார். தேம்பாவணியை 1726-இல் பாடிய வீரமாமுனிவர் இவருடைய சமகாலத்தவர். யார் எந்தப் பக்கம் திரும்பினாலும் மறுமொழி சொல்லவேண்டிய சூழல். அரண்மனையில் பதவி வகித்த இளைஞருக்கு, அதுவும் வடமொழியும் தமிழும் ஒருங்கே கற்ற ஒருவருக்கு, பேசத் தெரிவதுதான் கவசம்.

அந்தக் கவசத்தைப் பற்றி அவரே கூறுகிறார். சித்தர்கணம் என்னும் பகுதியின் இறுதிப் பாடலில் அவர் வைக்கும் ஒப்புதல், தமிழ்க் கவிஞர் எவரும் தம்மைப் பற்றி வைத்தவற்றுள் மிகக் கூர்மையானது. கல்லாதவர்களே நல்லவர்கள் என்று தொடங்கி, கற்றும் அறிவில்லாத தம் வினையை நொந்துகொள்கிறார். ஞானமே முதன்மை என்று ஒருவர் வந்தால் கருமமே முதன்மை என்று தாம் நிலைநாட்டுவதாகச் சொல்கிறார். கருமத்தின் பக்கம் நிற்பவர் வந்தால் ஞானத்தின் பக்கம் தாவிவிடுவாராம். வடமொழி வல்லவன் எதிர்ப்பட்டால் தமிழில் எல்லாம் இருப்பதாக விரிப்பதும், தமிழறிஞர் எதிர்ப்பட்டால் வடமொழி வாசகங்களைச் சற்று எடுத்துவிடுவதும் தமது வழக்கம் என்கிறார். வெல்வதுகூட இல்லை, மருட்டுவது. இந்த வித்தை வீடுபேற்றைத் தருமோ என்பதே அவர் அங்கே கேட்கும் கேள்வி.

அவை நகைச்சுவையாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய பாடல் இது. ஆயினும் இதில் உள்ள உளநிலை சற்று நின்று பார்க்கத்தக்கது. இந்தப் பேச்சுக்குப் பொருளில் அக்கறை இல்லை. எதிரே இருப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அதற்கு மறுபக்கம் ஓடுவதே அதன் வேலை. ஓரிடத்தில் நின்றால் பிடிபட்டுவிடுவோம் என்னும் அச்சமே அதை ஓட்டுகிறது. மனப்பதற்றம் மிகுந்தபோது சிலர் வாய் அடைத்துப்போகிறார்கள், சிலர் இடைவிடாது பேசுகிறார்கள் என்று இன்றைய உளவியலார் கூறுவர். பேச்சு நின்றால் உள்ளே இருப்பது கேட்கத் தொடங்கிவிடும் என்பதால், நிற்காமல் பார்த்துக்கொள்வது ஒரு தற்காப்பு. தாயுமானவரை நோயாளியாக்கிப் பார்ப்பது பிழை. ஆனால் அந்தத் தற்காப்பை உள்ளிருந்து பார்த்து, தயங்காமல் பெயரிட்டு, சபையில் வைத்தவர் அவர்.

இந்த நிலையிலேதான் மௌன குரு வருகிறார். திருமூலர் மரபில் வந்தவர் என்று தாயுமானவரே பாடுகிறார். அதற்குமேல் அவருடைய ஊரையோ குலத்தையோ பாடல்கள் பொருட்படுத்தவில்லை. மலைக்கோட்டைக்குச் செல்லும் வழியில் சந்திப்பு நேர்ந்தது என்பது வழிவழிச் செய்தி. கற்ற அனைத்தையும், கல்லாது ஐயுற்ற அனைத்தையும் இளைஞர் கொட்டியிருக்க வேண்டும். குருவோ பெயருக்கேற்ப இருந்தார். வாதத்துக்கு வாதம் என்றே பழகியவர்க்கு எதிர்வாதம் வராத இடம் புதிது. மறுபக்கம் ஓடுவதற்கு முதலில் எதிரே ஒரு பக்கம் வேண்டுமே. அங்கே அது இல்லை. பற்றி ஏறக் கிளை கிடைக்காத கொடிபோல அந்தப் பேச்சு முதன்முறையாகத் தரையில் விழுந்தது.

மலைக்கோட்டைக் கோயிலின் தட்சிணாமூர்த்தியையும் தம் குருவையும் அவர் ஒன்றாகவே கண்டு பாடினார். சின்மயானந்தகுரு என்னும் பகுதி முழுவதும் சிரகிரியில் விளங்கும் அந்தத் தென்முகக் கடவுளை நோக்கியது. கல்லாலின் கீழ் அமர்ந்து, முதிர்ந்த சீடர் நால்வருக்குச் சொல்லாமல் சொன்ன இளைய ஆசிரியன் என்னும் பழைய உருவம், இந்தக் கணக்கருக்குத் தம் ஊரிலேயே உயிரோடு கிடைத்துவிட்டது. உடனே துறவு வேண்டினார். குரு இசையவில்லை. இல்லறம் நடத்து, காலம் வரும்போது யாம் வருவோம், அதுவரை சும்மா இரு என்பது கிடைத்த கட்டளை. சும்மா என்னும் சொல் நம் வழக்கில் எவ்வளவு எளியது என்பதை எண்ணினால் அந்தக் கட்டளையின் கடுமை விளங்கும். நோன்பென்றால் நோற்கலாம், செபமென்றால் எண்ணலாம், யாத்திரையென்றால் நடக்கலாம். எதையும் செய்யாதே என்பதை எப்படிச் செய்வது? மதயானையை நடத்தலாம், புலியையும் சிங்கத்தையும் வசப்படுத்தலாம், நீர்மேல் நடக்கலாம், நெருப்பில் இருக்கலாம், ஆனால் சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்னும் பொருளில் அவர் பாடியது அணிக்காக அடுக்கியது அல்ல. முயன்று தோற்றவர் பட்டியல் அது.

அரண்மனைக்குத் திரும்பிக் கணக்கைத் தொடர்ந்தார். இந்தக் காலத்தைப் பற்றி வழங்கும் கதைகள் இரண்டு, இரண்டிலும் திருவானைக்காவின் அகிலாண்டநாயகி வருகிறாள். மன்னன் அளித்த விலையுயர்ந்த சால்வையைக் குளிரில் நடுங்கிய மூதாட்டி ஒருத்திக்குப் போர்த்திவிட்டு, கேட்டபோது அகிலாண்டநாயகிக்குக் கொடுத்ததாகச் சொன்னார் என்பது ஒன்று. மற்றது இன்னும் வியப்பானது. சபையில் அவர் கையில் முக்கியமான ஆவணம் ஒன்று கொடுக்கப்பட்டது. அதை அவர் எல்லோரும் பார்க்கக் கைகளால் கசக்கிப்போட்டார். சபை திகைத்தது. சிறிது நேரத்தில் திருவானைக்காவிலிருந்து செய்தி வந்தது: கருவறையில் அம்பிகையின் ஆடையில் தீப்பற்றியதாகவும், தாயுமானவர் அங்கே தோன்றிக் கைகளால் கசக்கி அணைத்ததாகவும்.

கதையின் அற்புதப் பகுதியை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. கதை சொன்னவர்கள் அறியாமலே பதிவு செய்துவிட்ட மற்றொன்று உண்டு. எதற்கும் மறுமொழி வைத்திருந்த ஒரு மனிதர், அரசன் முன்னிலையில், தம் பதவியும் தலையும் போகக்கூடிய நிலையில், விளக்கம் சொல்லாமல் நிற்கிறார். பேச்சு கைக்கு இறங்கிவிட்டது, கை தன் வேலையைச் செய்கிறது, வாய் ஓய்ந்திருக்கிறது. மக்கள் நினைவில் அவர் மௌனியாக நிற்கும் காட்சி இது ஒன்றுதான்.

பாடல்கள் இந்தக் காலத்திலும் பின்னரும் பெருகின. இன்று கிடைக்கும் தொகுப்பின் வைப்புமுறையைப் பாடிய வரிசை என்று கொள்ள இயலாது. ஆயினும் வடிவங்களைக் கொண்டு ஒன்று சொல்லலாம். தொகுப்பின் முன்பகுதியில் நிற்பவை பன்னிருசீர்க் கழிநெடிலடி விருத்தங்கள். வடசொற்கள் தொகைநிலையில் கோத்துக்கொண்டு வரும். எழுவாய் எங்கோ, பயனிலை எங்கோ. மூச்சு விடுவதற்கு இடம் தேடிக் கண் அலையும். ஒன்று விட்டால் ஒன்று பிடித்து, மற்றொன்று வந்து ஏறிக்கொள்ள, நாலாம் அடியில் ஒரே விளியில் எல்லாம் போய் விழும். அரசசபையில் வாதம் செய்து பழகிய நாவின் ஓட்டம் இது. யாப்பு கற்றோர் இவற்றின் சந்தச் செறிவைப் புகழ்வது நியாயமே. புகழும்போது, மூச்சுவிடாமல் பேசும் ஒருவரின் நெஞ்சுத் துடிப்பையும் அதில் கேட்கவேண்டும்.

கண்ணிகளுக்கு வரும்போது அந்தப் பெருவெள்ளம் இரண்டிரண்டு அடிகளாக உடைகிறது. பராபரக்கண்ணி 389 கண்ணிகள். ஒவ்வொன்றும் ஒரு சிறு எண்ணம், ஒரு விளி, ஒரு நிறுத்தம். எந்நாட்கண்ணியில் ஒவ்வொரு கண்ணியும் அந்த நாள் எந்நாளோ என்று கேட்டு நின்றுவிடுகிறது. பைங்கிளிக்கண்ணியில் பேச்சை ஒரு கிளியிடம் ஒப்படைத்துத் தூது விடுகிறார். சொன்னதையே சொல்லும் பறவையை அவர் தேர்ந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். இங்கும் எண்ணிக்கை குறையவில்லை. 389 முறை ஒருவரை விளிப்பது சும்மா இருப்பதாகாது. ஆனால் விளிக்கும் விளிக்கும் இடையே வெற்றிடம் வந்துவிட்டது. கூட்டமாக உட்கார்ந்து இக்கண்ணிகளை ஓதுபவர்கள் அறிவார்கள்: ஐம்பது, அறுபது கண்ணிகளுக்குப் பிறகு பொருள் பின்வாங்கி, மூச்சு மட்டும் நிற்கும். கவிஞர் தம் நோயை விட்டொழித்தார் என்று சொல்வதைவிட, அதற்கு ஒரு தாளம் கண்டார் என்பது பொருந்தும்.

சொற்களைப் பற்றிய அவருடைய கணிப்பு எப்போதும் கடுமையானது. குரு சொன்ன ஒரு மொழியே மலைபோன்ற இலக்கு. மற்ற மொழிகளெல்லாம் கோடு கிழிக்காமல் ஆடும் வட்டாட்டம் போன்றவை என்பது அவர் தரும் உவமை. கட்டம் இல்லாத தரையில் காய் எங்கு விழுந்தாலும் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆட்டம் முடிவதும் இல்லை. அருணகிரிநாதரை அவர் விளித்துப் போற்றியதும் இதன்பொருட்டே. மெய்யான ஒரு சொல்லை அவரைப்போல் சொன்னவர் யார் என்று ஏங்குகிறார். அந்த அருணகிரியாரும் சும்மா இருக்கும்படி முருகனிடம் உபதேசம் கேட்டவர்தாம். கேட்ட பின் ஆயிரத்துக்கு மேற்பட்ட திருப்புகழ்ப் பாடல்களை விட்டுச் சென்றவர்தாம். இந்த உபதேசம் தமிழில் யாருக்கு அருளப்பட்டாலும் இதே கதிதான் போலும்.

இதே தீவில் முந்திய ஒரு கதையும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கம் மடைப்பள்ளியில் பணிசெய்த வரதன், திருவானைக்கா அம்பிகையின் தாம்பூலம் வாயில் விழுந்து காளமேகமானான் என்பர். திருமலைராயன் சபையில் எமகண்டம் ஏறி, கீழே நெருப்பும் சுற்றிலும் கத்தியுமாக, கேட்டதற்கெல்லாம் அந்தக் கணமே பாடினான் என்பதும் அக்கதை. நின்றால் சாவு, ஆகவே நிற்காத நா. காளமேகத்துக்கு அது களிப்பு. எதிரியைச் சாடுவதில் அவனுக்கு ஐயமே கிடையாது. அதே அம்பிகையின் பெயரால் பாடிய தாயுமானவருக்கு எமகண்டத்தை யாரும் கட்டித்தர வேண்டியிருக்கவில்லை. அதை அவர் உள்ளேயே வைத்திருந்தார்.

1732-இல் விசயரங்க சொக்கநாதன் மகவின்றி மறைந்தான். அரசி மீனாட்சி ஆட்சிப்பொறுப்பை ஏற்றாள். தாயுமானவரின் நிருவாகத் திறமையை நாடியவள், நாளடைவில் அவரையே விரும்பினாள் என்றும், அரசையும் தன்னையும் ஏற்கும்படி வேண்டினாள் என்றும் வாழ்க்கை வரலாறுகள் கூறும். இதற்குப் பின்னர் சொல்லப்படும் திருமணம், மகப்பேறு, துறவு, யாத்திரை ஆகியவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கோடு பொருத்தினால் நெருக்கடி ஏற்படுகிறது. ஆகவே கதையில் ஏற்றங்கள் உண்டு என்று கொள்வதே முறை. அரசியின் பெயருக்கு மாசு சேர்க்கும் பகுதியைத் தயக்கமின்றித் திருப்பிச் சொல்லும் வழக்கத்தையும் இனி விட்டுவிடலாம். அவளுக்கு நேர்ந்த முடிவு போதும். வாரிசுரிமை கோரிய வங்காரு திருமலையின் பக்கம் ஒருபுறம், சந்தா சாகிபு மறுபுறம். காப்பாற்றுவதாகச் சந்தா சாகிபு செய்துகொடுத்த சத்தியத்தை நம்பிக் கோட்டையைத் திறந்தாள். திருமறை என்று காட்டி அவன் கைவைத்தது துணி சுற்றிய செங்கல் என்பது திருச்சியில் வழங்கும் செய்தி. 1736-இல் கோட்டை அவன் வசமாயிற்று; அரசி நஞ்சுண்டு மாண்டாள். 1741-இல் மராட்டியர் வந்து அவனையும் சிறைப்பிடித்துச் சென்றனர்.

ஒரு சொல்லை நம்பி ஓர் அரசு போன ஊர் அது. அதற்கு முன்பே தாயுமானவர் அங்கிருந்து வெளியேறிவிட்டார். சிற்றன்னை மகன் என்று சொல்லப்படும் அருளையர் துணைவர, இரவோடிரவாகக் கோட்டையை நீங்கி, சேதுபதியின் இராமநாதபுரத்துக்குச் சென்றார். வாதிட்டு வெல்ல வேண்டிய இடத்தில் வாய் திறவாமல் விலகியது, அவருடைய வாழ்வில் புதிய செயல்.

பின்னர்த் திருமறைக்காடு. தமையனாரின் வற்புறுத்தலால் மட்டுவார்குழலி என்னும் நல்லாளை மணந்தார். கனகசபாபதி என்னும் மகன் பிறந்தான். சிறிது காலத்தில் மனைவி மறைந்தார். இல்லறம் நடத்து என்று குரு இட்ட கட்டளை இவ்வாறு நிறைவேறியது. பாடல்களில் மனைவியைப் பற்றித் தனித்த புலம்பல் இல்லை. எதையும் சொல்லிவிடும் ஒருவர் இதைச் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மௌன குரு வாக்களித்தபடி வந்தார். மகனைத் தமையனாரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் துறவு பூண்டார். தலங்கள்தோறும் நடந்து, இராமேசுவரம் சென்று, இறுதியில் இராமநாதபுரத்திலேயே தங்கினார். வேதாந்தத்தையும் சித்தாந்தத்தையும் ஒன்றென்று கண்ட சமரசம் அவர் கொள்கை என்று நூல்கள் விரிவாகவே பேசும். ஒரு காலத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவி வாதிட்டவர் இரண்டுக்கும் இடையில் உட்கார இடம் கண்டுகொண்டார் என்று அதைச் சுருக்கிச் சொல்லலாம்.

இராமநாதபுரம் இலட்சுமிபுரத்தில் அவர் சமாதி உள்ளது. தை மாதத்து விசாக நாளில் குருபூசை நடைபெறுகிறது. கடைசி நாட்களில் நெடுநேரம் நிட்டையில் இருந்தார் என்பர். பாடல்களைக் காத்துத் தந்தவர்கள் அருளையர் முதலிய அடியார்கள். பாடியவர் தம் ஏடுகளைத் தொகுத்து வைத்ததாகச் செய்தி இல்லை. கணக்கெழுதிய கை, தன் பாட்டுக்குக் கணக்கு வைக்கவில்லை. வள்ளலார் அவரைப் படித்தார். பாரதி அவருக்கு வாழ்த்துப் பாடினார்.

மௌன குருவைப் பற்றி இன்று அறியக்கூடியன எல்லாம் பெரும்பாலும் இந்த ஒருவரின் பாடல்களிலிருந்து கிடைப்பவையே. அந்தக் குரு சும்மா இருந்தார், சும்மா இருக்கச் சொன்னார் என்பதும்கூட, சும்மா இருக்க முடியாத சீடர் ஒருவர் சொன்னதால் தெரிந்ததுதான். இன்றும் தை விசாகத்தன்று இலட்சுமிபுரத்தில் கூடுவோர் பராபரக்கண்ணியை ஓதுகிறார்கள். திருச்சியில், மலைக்கோட்டையின் உச்சியில் நின்றால் வடக்கே காவிரியும், அதற்கு அப்பால் ஸ்ரீரங்கத்தின் இராசகோபுரமும் தெரிகின்றன. தாயுமானவர் பார்த்தபோது அது தளங்கள் எழும்பாத மொட்டைக் கோபுரம். 1987-இல்தான் பதின்மூன்று நிலைகளும் நிறைந்தன. கிழக்கே தென்னைகளுக்கு நடுவில் திருவானைக்கா. கீழே, கடைவீதியின் பேச்சு ஓயவில்லை.